அண்ணன் போட்டுக்கொண்ட ஊசிகள்

எங்கள் வீட்டில் நான்கு பேர். நைனா, அம்மா, அண்ணன், நான். கொரோனா வந்தது எனக்கு மட்டும்தான். அதுவும் இரண்டு முறை.

முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றி, கம்பியை அழுத்திப் போட்டவன் நான். மணலியில் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே சட்டையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் முக்கியவன் நான். அண்ணன் முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு, பன்னிரண்டு பேர் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்கிற இடத்தில் வேலை செய்துவிட்டு வந்தான். அவனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. வந்திருந்தாலும் தெரியாமல் வந்து போயிருக்கும் என்று என் படிப்பு சொன்னது. மனசு ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டாவது முறை எனக்குக் காய்ச்சல் வந்தபோது, சமையலறையின் பாதியை அம்மாவின் புடவையால் மறைத்து, அந்தப் பக்கம் என்னைப் படுக்க வைத்தார்கள். திருவொற்றியூர் ஹவுசிங் போர்டில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. ஒரு ஹால், ஒரு சமையலறை, அவ்வளவுதான். தனிமைப்படுத்திக்கொள்ளுங்கள் என்று டிவியில் சொன்னவர்கள் எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. அண்ணன் தினமும் வேலையிலிருந்து வந்ததும் புடவைக்கு இந்தப் பக்கம் நின்று விசாரிப்பான்.

“இன்னா ஆபீசரே, உள்ள ஏசி நல்லா கீதா? ரூம் சர்வீஸ்லாம் வந்துச்சா?”

நைனா சிரிப்பார். சிரித்தால் அவருக்கு இருமல் வரும். இருமிவிட்டு மறுபடியும் சிரிப்பார். நான் உள்ளே படுத்துக்கொண்டு, அவர் என் பேச்சுக்கு எப்போது இப்படிச் சிரித்தார் என்று யோசிப்பேன். ஞாபகம் வராது.

நைனாவும் அண்ணனும் ஒரே கேங். மணலி நெடுஞ்சாலை ஓரமாக இருக்கிற ஒரு கன்டெய்னர் யார்டில் சரக்கு ஏற்றுகிற, இறக்குகிற வேலை. விடியும்போதே இரண்டு பேரும் ஒரே வண்டியில் கிளம்புவார்கள். அம்மா இரண்டு பேருக்கும் ஒரே டிபன் கேரியரில் கட்டிக் கொடுப்பாள். சாயங்காலம் திரும்பி வரும்போது, யார் காலில் மூட்டை விழுந்தது, மேஸ்திரி யாரைத் திட்டினார், எந்த லாரிக்காரன் பின்னாலே வந்து கம்பத்தில் இடித்தான் என்று பாதிச் சிரிப்போடுதான் படியேறுவார்கள். என்னைப் பார்த்ததும் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

“சாப்ட்டியா?” என்பார் நைனா.

“சாப்ட்டேன் நைனா.”

“வேலைலாம் நல்லா போவுதா?”

“போவுது.”

அதற்கு மேல் எங்களுக்குள் விஷயம் இல்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். பி.எஸ்சி. வேதியியல் முடித்து, ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில் ரீடிங் எழுதுகிற வேலைக்குப் போனேன். நைனா மற்றவர்களிடம் என்னைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும், அதை நானே மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறேன். ஆனால் என்னிடம் பேசும்போது, பெண் பார்க்க வந்த வீட்டாரிடம் பேசுவதுபோல அளந்து பேசுவார். திட்டுவதற்குக்கூட அவருக்கு அண்ணன்தான் வேண்டும்.

அவர்கள் கேங்கில் ஒரு வழக்கம் உண்டு. பதில் ஆள் என்பார்கள். ஒருவனுக்கு உடம்பு சரியில்லை, அல்லது வீட்டில் விசேஷம் என்றால், அவனுடைய கேட் பாஸை எடுத்துக்கொண்டு அவன் தம்பியோ மச்சானோ போய் நிற்பான். மேஸ்திரி காலையில் மஸ்டர் எடுக்கும்போது பேரைக் கூப்பிடுவார். பதிலுக்கு வந்தவன் “கீறேன்” என்று குரல் கொடுப்பான். எல்லோருக்கும் தெரியும். யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு குரல் வரவேண்டும், சரக்கு இறங்கவேண்டும். அண்ணன் அந்த வேலைக்குள் போனதே நைனாவுக்குப் பதில் ஆளாகத்தான்.

தடுப்பூசி வந்தபோது, இரண்டு ஊசி போட்டதற்குச் சான்றிதழ் இல்லாதவன் கேட்டுக்குள் வரக்கூடாது என்று யார்டில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஃபாரம் என்று எது வந்தாலும் அது என் வேலை. ரேஷன் கார்டு, கேஸ், மருத்துவக் காப்பீட்டு மனு எல்லாம் நான்தான். இதையும் நான்தான் செய்தேன். நான்கு பேரையும் என் போன் நம்பரில் பதிவு செய்தேன். நைனாவையும் அண்ணனையும் சேர்த்து முகாமுக்கு அனுப்பிவிட்டு, நான் லேபில் இருந்தேன். மதியம் இரண்டு பேர் பெயரிலும் எஸ்எம்எஸ் வந்தது. சில மாதம் கழித்து இரண்டாவது ஊசிக்கும் அப்படியே வந்தது. சான்றிதழைப் பிரின்ட் எடுத்து, லேமினேட் செய்து, நைனா கையில் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

லேபில் பழகிய பழக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். வயசு, உடம்பில் என்ன கோளாறு, வேலை செய்யும் இடத்தில் எவ்வளவு நெரிசல், எத்தனை ஊசி, போட்டு எத்தனை மாதம் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு மார்க் வைத்துக் கூட்டுவேன். அதில் விஞ்ஞானம் குறைவு, பயம்தான் அதிகம் என்று எனக்கே தெரியும். ஆனாலும் கூட்டிப் பார்த்தால்தான் மனசு ஆறும். நைனாவின் பக்கம்தான் எப்போதும் மோசமாக வரும். அறுபதை நெருங்குகிற வயசு. பனி மாதத்தில் இழுப்பு. பீடி. எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி இறக்கிய காலத்தில் நெஞ்சில் போய் உட்கார்ந்த தூசி. அந்தப் பக்கத்தில் நல்லதாக ஒரே ஒரு வரிதான் இருந்தது. இரண்டு டோஸ் முடிந்தது. அதன் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன்.

மூன்றாவது ஊசியை எல்லோருக்கும் இலவசமாகப் போட ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அலை ஓய்ந்துவிட்டது, முகக்கவசம் போட்டவனைப் பார்த்துச் சிரிக்கிற காலம். எனக்கு நைனாவின் பக்கம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் படித்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு, ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தேன்.

“நைனா, மூணாவது ஊசி போட்டுக்கணும்.”

“இன்னொண்ணா? அதான் ரெண்டு போட்டாச்சே.”

“போட்டு ரொம்ப மாசம் ஆயிடுச்சு நைனா. நாள் ஆவ ஆவ அதோட பலம் கொறையும். இழுப்பு கீறவங்களுக்கு இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். சாதாரண ஆளுங்களுக்கு ஒரு ரிஸ்க்குன்னா உனக்கு...”

“சைக்கிள் டயர்ல காத்து எறங்கறா மாரியா?” என்றான் அண்ணன், வாயில் சோறோடு.

“ஆமா. கிட்டத்தட்ட அப்டித்தான்.”

“அப்போ நைனாவுக்கு வாணாம். அது டியூப்லெஸ்ஸு.”

நைனாவுக்குப் புரை ஏறிவிட்டது. அம்மா தலையில் தட்டினாள். அவளும் சிரித்தாள். நான் இரண்டு நாள் சேர்த்து வைத்ததை அவன் ஒரு டயரால் முடித்துவிட்டான். இரண்டு வாரம் விடாமல் சொல்லிப் பார்த்தேன். நைனா “பாக்கலாம், பாக்கலாம்” என்பார். ஒரு நாள் கோபத்தில், “மறுபடியும் அலை வந்தா இன்னா பண்ணுவ?” என்று சத்தம் போட்டேன். அவர் எழுந்து கை கழுவப் போனார். அண்ணன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“வுடு, பேஜாரு பண்ணாத. ஞாயித்துக்கெழம ஸ்கூல்ல முகாம் கீது. நான் இட்டுகினு போறேன். நீ டூட்டிக்குப் போ.”

“சரி, இவன் கூட போறேன்” என்றார் நைனா, அந்த நிமிஷமே.

அந்தச் “சரி”தான் என்னைக் கொன்றது. என்னிடம் இரண்டு வாரமாக வராத சரி, அவனிடம் ஒரு வாய் பேச்சில் வந்துவிட்டது. நினைத்தது நடக்கப்போகிறது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சனிக்கிழமை முழுக்க லேபில் அதையே நினைத்துப் புழுங்கினேன். ஊசி போட்டுக்கொள்ளும்போது நைனா பக்கத்தில் நிற்கப்போவது அவன். மயக்கம் வருகிறதா என்று நர்ஸ் கேட்டால் பதில் சொல்லப்போவதும் அவன். இதற்கெல்லாம் படித்தது நான்.

ஞாயிற்றுக்கிழமை அரை நாள் பர்மிஷன் போட்டேன். ஒரு பாட்டில் தண்ணீர், காய்ச்சல் மாத்திரை, ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினேன். நைனாவின் நல்லதுக்காகத்தான் வந்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அண்ணன் நிற்கிற இடத்தில் நான் நிற்கவேண்டும் என்பது.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் நைனா நின்றிருந்தார். ஒரு கையில் டீ, ஒரு கையில் பீடி. என்னைப் பார்த்ததும் பீடி முதுகுக்குப் பின்னால் போனது.

“இன்னாடா நீ, டூட்டி இல்ல?”

“பர்மிஷன் போட்டேன். போட்டாச்சா நைனா?”

“ஆங்... ஆச்சு.” எதிரே பார்த்தார். “ஆயிகினு கீது.”

“இன்னா ஆயிகினு கீது? அண்ணன் எங்க?”

டீ கிளாஸை வாயில் வைத்துக்கொண்டார். நான் ரோட்டைத் தாண்டி உள்ளே போனேன்.

ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு ஆட்களை உட்கார வைத்திருந்தார்கள். முன் பெஞ்சில் அண்ணன். முகக்கவசம் மூக்குக்கு மேலே ஏறியிருந்தது, கம்பிகூட அழுத்தியிருந்தது. இவ்வளவு காலத்தில் அவன் அதை ஒழுங்காகப் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். கையில் நைனாவின் ஆதார் கார்டு. அதில் இருக்கிற படம் நைனா இளமையாக, மீசையோடு எடுத்தது. பாதி முகத்தை மறைத்துவிட்டால் அண்ணனின் நெற்றியும் கண்ணும் அதேதான்.

பட்டியல் வைத்திருந்த பெண் நைனாவின் பெயரைக் கூப்பிட்டாள்.

“கீறேன்” என்றான் அண்ணன்.

யார்டு வாசலில் நின்று மேஸ்திரிக்குச் சொல்கிற அதே குரல். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. என் போனுக்கு வந்த எஸ்எம்எஸ், நான் லேமினேட் செய்த சான்றிதழ், நோட்டில் சிவப்புக் கோடு போட்ட வரி. நைனாவின் உடம்பில் ஒரு சொட்டு மருந்தும் போகவில்லை.

கத்தியிருப்பேன். கத்தினால் அந்தப் பெண் கேட்பாள், எழுதுவாள், யார்டுக்குத் தெரியும், இரண்டு பேர் பாஸும் போகும். அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே எழுந்தான். நான் போய் அவன் தோளைப் பிடித்தேன்.

“மேடம், இவருக்குக் காலைலேர்ந்து காய்ச்சல். சொல்லாம வந்து உக்காந்துட்டாரு. இன்னொரு நாள் வரோம்.”

“காய்ச்சலோட ஏன்பா வரீங்க?” என்று அவள் அடுத்த பெயருக்குப் போனாள்.

மதில் ஓரமாக அவனை இழுத்துக்கொண்டு வந்தேன். அவன் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினான்.

“சத்தம் போடாத. ஊர கூட்டாத.”

“மொத ரெண்டும் நீதானா?”

“ஆமா.”

“உன்னோடது ரெண்டு, நைனாவோடது ரெண்டு. உன் ஒடம்புல நாலு ஊசி கீது.”

“இன்னிக்கி அஞ்சாவறது, நீ வந்து கெடுத்த. இன்னா இப்போ? ஒரே காலைல ரெண்டு வாட்டி வரிசைல நின்னேன். கை தூக்க முடியல ரெண்டு நாளு. அவ்ளோதான். நல்லாத்தான கீறேன்?”

“நைனா ஏன் போட்டுக்கல?”

அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். நைனா இன்னும் டீக்கடையிலேயே நின்றிருந்தார்.

“அதுக்கு ஊசி ஒத்துக்காதுடா.”

அப்புறம் சொன்னான். கொரோனாவுக்கு முந்தி, நான் செங்கல்பட்டுப் பக்கம் ஹாஸ்டலில் இருந்து கடைசி வருஷப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த சமயம். நைனாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, அண்ணனோடு தெருமுனை டாக்டரிடம் போய் ஒரு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வருகிற வழியிலேயே உதடு தடித்திருக்கிறது. பிறகு கண். பிறகு தொண்டை அடைத்து, பேச்சு வராமல், இவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இவன் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப ஓடியிருக்கிறான். டாக்டர் வேறு ஊசி போட்டு, ராத்திரி முழுக்க அங்கேயே படுக்க வைத்து, மறுநாள் அனுப்பியிருக்கிறார்.

“எனக்கு ஏன் சொல்லல?”

“உனக்கு எக்ஸாம்.”

“எக்ஸாம் முடிஞ்சி எத்தினி வருசம் ஆச்சு?”

“அப்பால இன்னாத்துக்குன்னு வுட்டுட்டோம்.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாம?”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வரவேண்டியது பயம். ஒரு வருஷத்துக்கும் மேலாக நைனா ஒரு பாதுகாப்பும் இல்லாமல் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறார், நான் நோட்டில் கோடு போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறேன். அந்தப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு. மூன்று பேருக்கும் தெரிந்த ஒன்று அந்த ஒற்றை ஹாலுக்குள் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது, நான் அதே ஹாலில் பாய் போட்டுப் படுத்திருக்கிறேன். நைனாவின் உயிர் போய்த் திரும்பிய நாள் என் வாழ்க்கையில் இல்லவே இல்லை. அன்று நான் என்ன பரீட்சை எழுதினேன் என்றுகூடத் தெரியாது.

நைனா மெதுவாக ரோட்டைத் தாண்டி வந்தார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். அவரே ஆரம்பித்தார்.

“சொல்லிட்டானா?”

“ஏன் நைனா எங்கிட்ட சொல்லல?”

“உன்கிட்ட சொன்னா நீ எழுதி வச்சிடுவ.”

அவர் என்னைக் குத்துவதற்காக அதைச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

“எழுதினா அது எங்கனா போயி நிக்கும். ஒடம்பு சரியில்லாதவன்னு யார்டுக்குத் தெரிஞ்சா, நாளைக்கு மஸ்டர்ல என் பேரே வராது. அவன் போட்டுகினா இன்னா, நான் போட்டுகினா இன்னா? பேருக்கு ஆளு நின்னாச்சு.”

“நைனா, இது மஸ்டர் இல்ல. அந்த நோவு பேரு கூப்ட்டுப் பாக்காது.”

“அது தெரியும்டா எங்களுக்கு” என்றான் அண்ணன். முதல் தடவையாக அவன் குரலில் விளையாட்டு இல்லை. “நைனாவுக்கு ஊசின்னாலே ஒடம்பு நடுங்குது. நீ காயிதத்த நீட்டி போ போன்ற. தோள்ள போட்டுகினு ஓடனவன் நான். அந்த மூஞ்ச நீ பாக்கல.”

நான் பார்க்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தவனைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. வீங்கிப்போய், மூச்சு வாங்க முடியாமல் இருந்த ஒரு முகத்துக்காகப் பொறாமைப்படுகிறவன் என்ன மனுஷன் என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது என்றுதான் சொல்ல முடியும்.

அன்று சாயங்காலம் நோட்டில் நைனாவின் பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். டோஸ், பூஜ்யம். அதற்கு எதிர்ப்பக்கம், ஊசியால் உயிர் போகப் பார்த்தது, ஒரு முறை. இந்த இரண்டுக்கும் நான் எப்படி மார்க் போடுவது? ஊசி போட்டால் மறுபடியும் தொண்டை அடைக்குமா? போடாமல் விட்டு, என்னை இரண்டு முறை படுக்க வைத்தது அந்த நெஞ்சில் ஒரு முறை இறங்கினால் தாங்குமா? கூட்டவும் முடியவில்லை, கழிக்கவும் முடியவில்லை. அப்போதுதான் உறைத்தது, அன்றைக்குப் போட்டது என்ன ஊசி என்றே எனக்குத் தெரியாது.

அண்ணனோடு அந்தத் தெருமுனை டாக்டரிடம் போனேன். அண்ணனைப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. “தூக்கிட்டு ஓடி வந்தியே, நீதானப்பா” என்று அவன் முதுகில் தட்டினார். நான் பக்கத்தில் பேனாவோடு நின்றேன். அது ஒரு ஆன்டிபயாடிக் ஊசி, அந்த மருந்து வகையே இனிமேல் அவருக்கு ஆகாது என்று சொல்லி, பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். “இத்தன நாளா இத ஏன் யாரும் வந்து கேக்கல?” என்றார். கேட்க வேண்டியவனுக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மூன்று பேரும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். நைனா வர ஒத்துக்கொண்டது ஊசிக்கு இல்லை. டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டு வரலாம் என்று அண்ணன் சொன்னதற்கு. அந்த டாக்டருக்கு என்னைவிட நாலைந்து வயசுதான் அதிகம் இருக்கும். சீட்டைக் கொடுத்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

“மேடம், கம்ப்யூட்டர்ல இவருக்கு ரெண்டு டோஸ் போட்டதா இருக்கும். ஆனா இவர் உடம்புல ஒண்ணுகூட இல்ல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப அந்த ரெண்டும் யார் உடம்புல இருக்கு?”

அண்ணன், வகுப்பில் மாட்டிக்கொண்டவன் மாதிரி கையைத் தூக்கினான்.

ஐந்து நிமிஷம் அவனை வறுத்தெடுத்தார். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு, இந்த மனுஷனுக்கு நோய் வந்திருந்தால் ரெண்டு ஊசி போட்டவர் என்று நினைத்துத்தானே வைத்தியம் பார்த்திருப்போம் என்றெல்லாம் கேட்டார். “எவனாவது மூணாவது, நாலாவதுன்னு கூப்பிட்டா போயி நிக்காத. ஒனக்கு இனிமே ஊசியே கிடையாது” என்றார். அண்ணன் “சரி மேடம், சரி மேடம்” என்று தலையாட்டினான். வெட்கப்பட்டுக்கொண்டு அவன் வாங்கிய அந்தத் திட்டில்கூட ஒரு பெருமை இருந்தது போல எனக்குப் பட்டது. அவன் நைனாவுக்காகச் செய்தது. நான் செய்ததற்கு யாரும் என்னைத் திட்டப் போவதில்லை.

டாக்டர் நைனாவிடம் பொறுமையாகக் கேட்டார். முட்டை ஒத்துக்கொள்ளுமா, மீன், இறால், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அன்றைக்கு எவ்வளவு நேரத்தில் வீக்கம் வந்தது. கடைசிக் கேள்விக்கு அண்ணன் பதில் சொன்னான். எல்லாம் கேட்டுவிட்டு, அந்த ஆன்டிபயாடிக்குக்கும் இந்தத் தடுப்பூசிக்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் முகாமில் வேண்டாம், இங்கேயே போட்டு அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்கலாம், ஏதாவது ஆனால் கொடுக்க வேண்டிய மருந்து கையிலேயே இருக்கிறது என்றார். இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு போடாமல் இருப்பதுதான் தனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். “ஆனா முடிவு உங்களுது.”

நைனா அண்ணனைப் பார்த்தார். “இன்னாடா சொல்ற?”

“என்ன ஏன் கேக்கற? அவனக் கேளு. அவன்தான் படிச்சவன்.”

நைனா என் பக்கம் திரும்பினார். அளந்து பேசுகிற முகம் இல்லை அது.

“போட்டுக்கலாமா?”

இரண்டு வாரம் தொண்டை வற்றக் கத்தியபோது என்னிடம் இருந்த தைரியமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அண்ணன் இவ்வளவு காலம் எதைச் சுமந்தான் என்று அப்போது புரிந்தது. புரிந்தும், அந்தக் கேள்வி அவன் அனுப்பித்தானே எனக்கு வந்தது என்றும் தோன்றியது.

“எனக்கும் பயமாத்தான் கீது நைனா. ஆனா போடாம வுட்டா இன்னும் பயம்.”

அவர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி, தோளை வெளியே எடுத்தார்.

ஊசி போடும்போது அவர் அண்ணனின் கையைத்தான் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடியிருந்தார். கம்ப்யூட்டரில் அது மூன்றாவது டோஸ் என்று ஏறியது. எங்களை ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் அண்ணனின் போன் அடித்தது, மேஸ்திரி. இரண்டு வண்டி வந்து நிற்கிறது, ஆள் குறைகிறது. நைனாவும் இல்லாத நாளில் இவனும் போகாமல் இருக்க முடியாது. அவன் என்னைப் பார்த்தான்.

“ஒதட்டப் பாத்துகினே இரு. மொதல்ல ஒதடுதான் தடிக்கும். அப்பால கண்ணு. அரிக்குதுன்னு சொன்னா ஒடனே கத்து, யோசிக்காத.”

“தெரியும்.”

“உனக்குத் தெரியாது. சொல்றத கேளு.”

போய்விட்டான். நானும் நைனாவும் மட்டும். “சாப்ட்டியா?” என்றார். சேர்ந்துதான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தோம். “ம்” என்றேன். பத்து நிமிஷம் கழித்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன், நாடி பார்ப்பதுபோல.

“இன்னா டாக்டரே, ஓடுதா?”

“ஓடுது நைனா.”

கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை. நான் எண்ணவும் இல்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை, மணிக்கட்டில் மட்டும் மெத்தென்று இருந்தது. இப்படியே அரை மணியும் போனால் போதும் என்று இருந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, அவருடைய போன் அடித்தது. எடுப்பதற்காகக் கையை உருவிக்கொண்டார்.

“ஆங், நல்லாத்தான் கீறேன்டா... இல்ல, ஒண்ணும் அரிக்கல... இன்னாது? மறுபடியும் கம்பத்துலயா? அந்தக் கபோதிக்கு எவன்டா லைசென்சு குட்தான்?”

சிரித்தார். இருமினார். மறுபடியும் சிரித்தார். எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் வந்து டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்து, “இன்னும் பத்து நிமிஷம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்காக ஒரு நொடி வாயைத் திறந்து காட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். நான் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அண்ணனோடு பேசிக்கொண்டே இருந்த அந்த உதட்டைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்காவது தடிக்கிறதா என்று.